சிம்மக்கல் சந்தில் ஒரு போட் மெக்கானிக்

மதுரையில் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைப் பார்க்க ஆள் இருக்கிறார் என்று மச்சான் சொன்னபோது சிரிப்புதான் வந்தது. வைகையிலேயே பாதி நாள் மணலைத்தான் பார்க்கிறோம்.

எங்கள் ஃபைபர் படகு தொண்டியில் நிற்கிறது, மோட்டார் 9.9 ஹெச்பி. வேகம் எடுத்தாலே அணியம், அதாவது படகின் முன்முனை, தண்ணீரைக் குத்தும், முகத்தில் உப்புத் தண்ணீர் அடிக்கும், போதாததற்குப் படகு வலது பக்கமே இழுக்கும், அரை மணி நேரம் ஹேண்டிலைப் பிடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். முதலில் காட்டிய இடத்தில் புரொப்பல்லரை மாற்றச் சொன்னார்கள். மனசு ஒப்பவில்லை. சிம்மக்கல்லில் பம்ப்செட் கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கும் இந்தப் பெரியவரிடம் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன்.

முதலில் மோட்டாரை அவர் தொடவே இல்லை. "படகு ஓடுற வீடியோ இருக்கா தம்பி?" என்றார். பார்த்துவிட்டு, மோட்டாரைப் படகில் மாட்டும் பிராக்கெட்டில் உள்ள ஓட்டைகளைக் காட்டினார். மோட்டாரின் சாய்வை நிறுத்தும் கம்பி, படகை ஒட்டிய முதல் ஓட்டையில் கிடந்தது. அப்படி இருந்தால் மோட்டாரின் கால் உள்ளே சாய்ந்து, பின்பக்கத்தைத் தூக்கி அணியத்தை அமுக்குமாம். "இஞ்சினை அணைச்சுட்டு ஒவ்வொரு ஓட்டையா வெளியே தள்ளிப் பாருங்க. இழுவையை அப்புறம் பார்த்துக்கலாம், சாய்வு மாறினா அதுவும் மாறும்."

இழுவையைச் சரிக்கட்டுவது புரொப்பல்லருக்கு மேலே தொங்கும் சின்ன மீன்வால் தகடு. எங்கள் மோட்டாரில் அதுதான் உப்பு அரிக்காமல் காக்கும் துத்தநாகமும். கடைப் பையன் அழகுக்காக அதன்மேல் கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டான். பெயிண்ட் அடித்தால் அது வேலை செய்யாது என்று பெரியவர் அவனைத் திட்டிக்கொண்டே உப்புத்தாளை எடுத்துத் தானே சுரண்டினார்.

ஞாயிற்றுக்கிழமை தொண்டியில் போட்டுப் பார்த்தோம். இரண்டாவது ஓட்டையில் அணியம் எழுந்தது, தண்ணீர் அடிப்பது நின்றது. ஆசை யாரை விட்டது, மூன்றாவதுக்குத் தள்ளினோம். படகு தவளை மாதிரி குதித்தது, திருப்பும்போது இஞ்சின் கத்தியதே தவிர வேகம் வரவில்லை. மறுபடி இரண்டாவதுக்கே வந்தோம். கொஞ்ச நஞ்சம் இருந்த இழுவைக்கு, அவர் சொன்னபடி தகட்டின் போல்ட்டைத் தளர்த்தி வால் முனையை வலப்பக்கமே லேசாகத் திருப்பினேன். வலது இழுத்தால் இடது திருப்பணும் என்றுதான் நான் நினைத்திருப்பேன். இப்போது இரண்டு விரலில் ஓட்டலாம். பெட்ரோல் கேனையும் மச்சானையும் ஒரே பக்கம் உட்கார வைத்தால் மட்டும் சாய்கிறது, அதற்கு மெக்கானிக் பொறுப்பில்லை.

கூலி 300 ரூபாய்தான். குறையும் உண்டு. போனை எடுக்கவே மாட்டார், பில் கேட்டால் சிரிப்பார், மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை ஷட்டர் மூடியிருக்கும். சந்துக்குள் கார் போகாது, 40 கிலோ மோட்டாரைத் தூக்க உங்களோடு இன்னொரு ஆளும் வேண்டும்.