பதிவை நீக்கினால் பணம் தருகிறோம் என்றார்கள், நம்பிவிடாதீர்கள்

வேலூரில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். இப்போதுதான் அந்தப் பள்ளி அலுவலகத்திலிருந்து வந்தேன், கை இன்னும் நடுங்குகிறது. ரூ. 14,400 போச்சு.

என் மகள் நாலாவது படிக்கிறாள். சத்துவாச்சாரியில் வீடு, பள்ளி பாலாற்றுக்கு அந்தப் பக்கம், காட்பாடியில். ஜூன் மாதமே வேன் கட்டணம் பத்து மாதத்துக்கும் சேர்த்து ரூ. 18,000 கட்டினோம். ஆகஸ்ட் முதல் வாரம் வேன் நின்றுவிட்டது. டிரைவர் இல்லையாம், ஆட்டோவில் அனுப்புங்கள் என்றார்கள். சரி, ஓடாத எட்டு மாதத்துக்கு ரூ. 14,400 திருப்பித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் பதிலே இல்லை. அப்புறம்தான் ரசீதைப் போட்டோ எடுத்து, நடந்ததை அப்படியே எழுதி என் பக்கத்தில் போட்டேன். ஒரு வார்த்தை கூட்டி எழுதவில்லை.

மூன்று வாரம் பேசாதவர்கள் அன்று ராத்திரி ஒன்பதரைக்கு போன் செய்தார்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அதற்குள் என்னை எடுத்துவிட்டார்கள். மறுநாள் போனால் என்ன மரியாதை! ஃபேன் போட்டு, நாற்காலி இழுத்துப் போட்டு, டம்ளரில் காபி. "நம்ம குடும்ப விஷயம்மா, வெளியில எதுக்கு? பதிவை எடுத்துடுங்க, திங்கட்கிழமை செக் ரெடி" என்றார் மேலாளர். நான் நம்பினேன். அங்கேயே நீக்கினேன். அவர் என் போனைக் கையில் வாங்கி, நீக்கியவை போய்ச் சேரும் குப்பைத் தொட்டி வரைக்கும் திறந்து பார்த்து, அங்கேயும் அழித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "தவறான புரிதலால் பதிவிட்டேன்" என்று ஒரு கடிதத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பணம் தருவதாக அவர்கள் எனக்கு ஒரு வரிகூட எழுதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கள் போனேன், அக்கவுண்டன்ட் லீவு. புதன், தாளாளர் திருப்பதி போயிருக்கிறார். அடுத்த வாரம், ஆடிட்டர் பார்க்க வேண்டும். இப்படியே ஆறு தடவை. இன்று அதே மேலாளர், உட்காரக்கூடச் சொல்லாமல், "எந்தப் பணம்மா? தப்புன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே, பிடிக்கலைன்னா டிசி வாங்கிட்டுப் போங்க" என்கிறார். ரூ. 14,400! என் வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை செய்து சம்பாதித்தது.

பணத்தைவிட வயிறு எரிகிற விஷயம் வேறு. வகுப்பில் எல்லோர் முன்னாலும் என் மகளை எழுப்பி, "உங்க அம்மாதானே ஸ்கூலைப் பத்தி எழுதினாங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வந்தது. குழந்தையை மனரீதியாகத் துன்புறுத்தக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே சொல்கிறது. ஒன்பது வயசுப் பிள்ளை வேன் கட்டணத்துக்கு என்ன பதில் சொல்லும்?

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கிற கோபத்தில் முடியவில்லை. பணம் கைக்கு வரும்வரை பதிவை நீக்காதீர்கள். நீக்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மன்னிப்புக் கடிதம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். போனை யார் கையிலும் கொடுக்காதீர்கள். பாக்கி இருக்கிறது, டிசி தர மாட்டோம் என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம், கட்டண பாக்கியைக் காட்டி டிசியை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ரசீதை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளில் அதை வைத்துத்தான் மனு கொடுக்கப் போகிறேன். அதே பள்ளியில் வேன் பணம் கட்டிவிட்டு அலைகிற பெற்றோர் இருந்தால் நீங்களும் ரசீதோடு காலையிலேயே வந்துவிடுங்கள், சேர்ந்து போவோம்.