சி டிரைவில் எதை வைப்பது, டி டிரைவுக்கு எதைத் தள்ளுவது?

சி டிரைவாக 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, டி டிரைவாக 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. அசெம்பிள் பண்ணுகிற டெஸ்க்டாப்களில் அடிக்கடி பார்க்கிற ஜோடி இது. மாட்டி முடித்த பிறகு எந்த ஃபைலை எதில் வைப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். விண்டோஸும் சாஃப்ட்வேரும் சி-யில், மற்றதெல்லாம் டி-யில் என்பார்கள் பாதிப் பேர். இன்றைக்கு வேலை நடக்கிற ஃபைல் எஸ்எஸ்டியில், வேலை முடிந்தது ஹார்ட் டிஸ்கில் என்பது இன்னொரு கட்சி. நாம் எதையும் பிரிக்க வேண்டாம், சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளட்டும் என்பது மூன்றாவது. நான் இரண்டாவது கட்சி, ஆனால் ஒரு திருத்தத்தோடு: ஃபைல் புதிதா பழையதா என்பதற்கும் முன்னால், கம்ப்யூட்டர் அதை எப்படிப் படிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்குக்குள் நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிற தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கும். வேண்டிய இடம், தட்டைப் படிக்கிற ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன் ஹெட் அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு 8, 9 மில்லி விநாடி. ஆக, ஒரு துண்டைத் தேடி எடுக்க 12 மில்லி விநாடிக்கு மேல். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியில் இதே வேலை 0.1 மில்லி விநாடியை ஒட்டி முடிந்துவிடும். 12 மில்லி விநாடியெல்லாம் ஒரு நேரமா என்று தோன்றும். 4 ஜிபி சினிமா ஒரே ஃபைலாக இருந்தால் ஒன்றுமே இல்லைதான், விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் அரை நிமிடத்துக்குள் படித்துவிடும். அதே 4 ஜிபி ஒரு லட்சம் குட்டி ஃபைல்களாகச் சிதறிக் கிடந்தால், தேடுவதற்கு மட்டுமே 1200 விநாடி, அதாவது 20 நிமிடம். ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்டுகளில் குட்டி ஃபைல்கள் குவிந்து கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் (node_modules) ஃபோல்டரை டி டிரைவில் வைத்து டெலிட் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் முதல் கட்சியின் ஓட்டை தெரியும். எஸ்எஸ்டி 60, 120 ஜிபி என்று விற்ற காலத்து ஏற்பாடு அது, அப்போது வேறு வழியும் இல்லை. இப்போதும் அதையே பிடித்துக்கொண்டு, எல்லாம் சேர்ந்தும் 5 ஜிபி தாண்டாத டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை, அவுட்லுக் மெயில்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி ஃபைலை, டாலி டேட்டாவை எல்லாம் டி-க்குத் தள்ளுகிறார்கள். நாள் முழுக்கத் திறந்து மூடுகிற சில்லறை ஃபைல்கள் மெதுவான டிரைவில், சி-யில் 300 ஜிபி சும்மா காலி.

கூடவே ஒரு பயமும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது: எழுத எழுத எஸ்எஸ்டி தேய்ந்துவிடும், அதனால் பேஜ்ஃபைலையும் (ராம் போதாதபோது விண்டோஸ் டிரைவில் எழுதிவைக்கும் ஃபைல்) டெம்ப் ஃபோல்டரையும் ஹார்ட் டிஸ்குக்கு மாற்று என்று. தேய்வது உண்மைதான், ஆனால் அளவைப் பாருங்கள். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு நிறுவனம் சொல்லும் எழுதும் வரம்பு 300 டிபி. ஒரு நாளைக்கு 30 ஜிபி எழுதினாலும் 27 வருஷம் தாங்கும், வாரண்டியே 5 வருஷம்தான். பேஜ்ஃபைல் விஷயத்தில் மைக்ரோசாஃப்டே 2009-ல், விண்டோஸ் 7 வந்த சமயத்தில், அதை எஸ்எஸ்டியிலேயே வையுங்கள் என்று சொல்லிவிட்டது. அவர்கள் பார்த்த தரவில் 40 முறை படித்தால் ஒரு முறைதான் எழுத்து, படிப்பதும் பெரும்பாலும் சின்னத் துண்டுகளாக.

பிரிப்பதில் உண்மையான ருசி போட்டோ, வீடியோ வேலையில்தான். போட்டோ எடிட் பண்ண லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்கள் கேட்டலாக்கையும் (போட்டோக்களின் பட்டியலும் எடிட் விவரமும் இருக்கும் ஃபைல்) அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பிரிவியூ ஃபோல்டரையும் எஸ்எஸ்டியில் வைத்தால் போதும், ஸ்க்ரோல் பண்ணும்போது திணறுவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான். கேமரா சுருக்காமல் தரும் 25, 30 எம்பி ரா (RAW) ஃபைல் ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் படிக்கப்படுவது, அது டி-யில் இருந்தால் பெரிய நஷ்டமில்லை. வீடியோ கொஞ்சம் வேறு. கேமராவின் 100 மெகாபிட் 4கே கிளிப் விநாடிக்கு 12.5 எம்பிதான் கேட்கும், அதை ஹார்ட் டிஸ்க் தூங்கிக்கொண்டே கொடுக்கும். ஆனால் டைம்லைனில் மூன்று கேமராவை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஹெட் மூன்று இடத்துக்கும் மாறி மாறி ஓட வேண்டும், நாம் சும்மா இழுத்துப் பார்த்தால்கூட முக்கும். அதனால் நடப்பு புராஜெக்ட் சி-யில், டெலிவரி கொடுத்த மறுநாள் மொத்த ஃபோல்டரும் டி-க்கு. வீடியோ எடிட்டர் பிரீமியர் தற்காலிகமாக எழுதிவைக்கும் மீடியா கேச் சி-யிலேயே இருக்கட்டும், மாதம் ஒருமுறை துடைத்தால் சரி.

கேமுக்கு அதிக யோசனை தேவையில்லை. ஸ்டார்ஃபீல்ட், பால்டர்ஸ் கேட் 3 போன்ற 2023-ல் வந்த பெரிய கேம்கள் எஸ்எஸ்டி வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்கின்றன. பழையது டி-யில் கிடக்கட்டும், ஸ்டீமிலேயே டிரைவ் மாற்றும் வசதி இருக்கிறது.

மூன்றாவது கட்சிக்கு நல்ல உதாரணம் ஆப்பிள் 2012-ல் கொண்டுவந்த ஃபியூஷன் டிரைவ். 128 ஜிபி ஃப்ளாஷும் 1 டிபி ஹார்ட் டிஸ்கும் சேர்ந்து ஒரே டிரைவாகத் தெரியும், அடிக்கடி தொடுவதை மேக்கே ஃப்ளாஷுக்கு ஏற்றிவிடும். அருமையான யோசனை. 2015-ல் 1 டிபி மாடலின் ஃப்ளாஷை 24 ஜிபியாகக் குறைத்தார்கள், அப்புறம் பாதி நேரம் ஹார்ட் டிஸ்க் வேகம்தான். அதைவிடப் பெரிய சங்கடம், இரண்டில் எது செத்தாலும் ஃபைல்கள் மொத்தமும் போச்சு. கையால் பிரித்து வைத்தவனுக்கு ஒரு டிரைவ் போனால் இன்னொன்றாவது மிஞ்சும்.

போவது என்றதும் நினைவுக்கு வருகிறது: டி-க்கு நகர்த்திவிட்டேன், பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய. நகர்த்தினால் ஒரே ஒரு பிரதிதான், அது பேக்கப் ஆகாது. எஸ்எஸ்டியில் ட்ரிம் (டெலிட் ஆன இடத்தை டிரைவே காலி செய்ய விண்டோஸ் கொடுக்கும் கட்டளை) ஓடிய பிறகு டெலிட் ஆன ஃபைலை மீட்பது அநேகமாக முடியாத காரியம், ஹார்ட் டிஸ்கிலாவது கொஞ்சம் வாய்ப்பு உண்டு. ஆகவே டாக்குமெண்ட்ஸ் சி-யில் இருக்கட்டும், விண்டோஸின் பேக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரி அதன் பிரதியை டி-யில் போடட்டும். போட்டோவுக்கு வெளியே இன்னொரு டிஸ்க் கட்டாயம் வேண்டும்.

மாற்றும் முறை: டவுன்லோட்ஸ், வீடியோஸ் போன்ற ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், லொகேஷன். அங்கே வெறும் டி டிரைவை மட்டும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், டிரைவ் முழுவதுமே டவுன்லோட்ஸ் ஆகிவிடும், பழையபடி திருப்புவது தலைவலி. முதலில் டி-யில் தனி ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டுங்கள். சாஃப்ட்வேர்கள் தங்களுக்காக வைத்திருக்கும் ஆப்டேட்டா, புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்கள் பக்கம் கையே வைக்க வேண்டாம்.

உங்கள் ஃபைல்கள் மொத்தமே 700 ஜிபி தாண்டாது என்றால் ஹார்ட் டிஸ்கே வேண்டாம், 1 டிபி எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். 4 டிபி, 8 டிபி என்று போகும்போதுதான் ஹார்ட் டிஸ்கின் விலை பேசும். வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையா சிஎம்ஆர் வகையா என்று டேட்டா ஷீட்டில் பாருங்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், ஒன்றை மாற்றி எழுத அடுத்ததையும் எழுத வேண்டும். எழுதிவைத்துப் படிக்க மட்டும் அது போதும், தினமும் பேக்கப் எழுதப் போகிறீர்கள் என்றால், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வாங்குங்கள்.