சிஸ்டம் ஆன் ஆகல: எஸ்எம்பிஎஸ்ஸ ரிப்பேர் பண்றதா, லோக்கல் பீஸா, பிராண்டடா?

போன ஐப்பசில ஒரு ராத்திரி செம இடி மழை, கரண்ட் மூணு தடவ போயிப் போயி வந்துச்சு. காலைல அப்பா கம்ப்யூட்டர் பட்டன அமுக்குனா ஒண்ணுமே இல்ல. ஃபேன் சுத்தல, லைட் எரியல, ஒரு பீப் கூட இல்ல. வீட்டுக் கணக்கு, வயல் குத்தகைக் கணக்கு எல்லாம் அவர் எக்ஸெல்ல அதுலதான் வச்சிருக்காரு, அன்னைக்கு வீடு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. மெஷின் 2017-ல அசெம்பிள் பண்ணுனது, ஆறாவது ஜெனரேஷன் ஐ3, எட்டு ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டுலாம் கிடையாது.

ஸ்பைக் பஸ்டர் சுவிட்ச், எஸ்எம்பிஎஸ் (வீட்டு கரண்ட கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குற பவர் டப்பா) பின்னாடி இருக்குற சுவிட்ச், வேற பவர் கார்டு போட்டுப் பாக்குறது இதெல்லாம் எல்லாரும் பண்றதுதான், விட்ருவோம். ஃபேன் சுத்தி டிஸ்ப்ளே மட்டும் வரலன்னா அது வேற கேஸ், ரேம கழட்டி ரப்பர் வச்சு தேய்ச்சு மாட்டிப் பாருங்க. நான் சொல்றது சுத்தமா உயிரே இல்லாத கேஸ். அதுலயும் முதல்ல கேபினெட் பட்டன் மேல சந்தேகப்படுங்க, மதர்போர்டுல பவர் எஸ்டபிள்யூன்னு போட்ட ரெண்டு பின்ல இருக்குற வயர புடுங்கிட்டு அந்த ரெண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால ஒரு செகண்ட் தொட்டா போதும், சிஸ்டம் ஆன் ஆச்சுன்னா போனது பட்டன் மட்டும்தான், செலவே இல்ல.

எனக்கு ஆகல. அடுத்தது ஜெம் கிளிப் டெஸ்ட். பவர் கார்ட கழட்டிட்டு, எஸ்எம்பிஎஸ் வயர் அத்தனையும் போர்டு, ஹார்ட் டிஸ்க்ல இருந்து எடுத்துட்டு, பெரிய 24 பின் கனெக்டர்ல பச்சை வயர் ஓட்டையையும் பக்கத்துல இருக்குற கறுப்பு வயர் ஓட்டையையும் ஜெம் கிளிப்பால சேத்துட்டு, அப்புறமா பவர் குடுத்தா அதோட ஃபேன் சுத்தணும். என்னோடது அசையல. ஆனா ஃபேன் சுத்துறதாலயே நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிராதீங்க, லோடு ஏறுனா படுத்துக்குற பீஸும் இருக்கு. மல்டிமீட்டர் இருந்தா மஞ்சள் வயர்ல 11.4-லேர்ந்து 12.6 வோல்ட்டுக்குள்ள காட்டுதான்னு பாத்துக்கோங்க. எஸ்எம்பிஎஸ் டப்பாவ மட்டும் தொறக்காதீங்க, உள்ள கரண்ட சேத்து வைக்கிற பெரிய கெபாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பிளக்க புடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

சரி, எஸ்எம்பிஎஸ் அவுட். இப்ப என்ன பண்றது?

ரிப்பேர் பண்ணா எங்க ஊர்ல 400 ரூபா கேட்டாங்க, ரெண்டு நாள் ஆகும், ஒரு மாசம் கேரண்டின்னாங்க. உப்பிப் போன கெபாசிட்டர மாத்துவாங்க, இல்ல ஸ்டான்ட்பை செக்ஷன, அதாவது சிஸ்டம் ஆஃப்ல இருக்கும்போதும் கரண்ட் குடுத்துட்டே இருக்குற பகுதிய பாப்பாங்க. நல்ல ஆள் கெடச்சா இதுல தப்பே இல்ல, ஆனா ஏழெட்டு வருஷம் ஓடுன டப்பால ஒரு கெபாசிட்டர் போச்சுன்னா மத்ததும் அதே வயசுதான? நான் ஒரே ஒரு தடவதான் ரிப்பேர் பண்ணிருக்கேன், அது அஞ்சு மாசம் ஓடுச்சு. ஒரு தடவய வச்சு பெருசா பேசக்கூடாது.

ரெண்டாவது, லோக்கல் பீஸ். 750 ரூபா, அரை மணி நேரத்துல மாட்டி ஓட விட்ருவாங்க. அட்டைப் பெட்டில 450 வாட்ஸ்னு கொட்டை எழுத்துல இருக்கும். கைல எடுத்துப் பாத்தேன், காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருந்துச்சு. லேபிள திருப்பிப் படிச்சா 12 வோல்ட் லைன்ல 14 ஆம்பியர்னு இருக்கு. 12-அ 14-ஆல பெருக்குங்க, 168 வாட்ஸ். இன்னைக்கு பிராசஸர், ஃபேன் எல்லாம் 12 வோல்ட்லதான் ஓடுது, அப்புறம் எங்க இருக்கு 450? கடைக்காரர்ட்ட கேட்டேன், "அண்ணே, எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க, ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல"ன்னாரு.

அவர் சொன்னதுல ஒரு நியாயமும் இருக்கு, அத மறைக்கக் கூடாது. அந்த ஐ3 பிராசஸர் 51 வாட்ஸ்தான், மொத்த மெஷினும் 100 வாட்ஸ தாண்டாது. வாட்ஸ் கணக்க மட்டும் பாத்தா 750 ரூபா பீஸே எங்களுக்கு தாராளம்.

அப்புறம் ஏன் 2,900 ரூபா குடுத்து பிராண்டட் வாங்குனேன்னா, அதுக்குக் காரணம் தஞ்சாவூர்ல இருக்குற என் மச்சான் கம்ப்யூட்டர்.

எஸ்எம்பிஎஸ்னு வாங்குனா ஒரு நாள் போகத்தான் போகுது. போகும்போது தனியா போகுமா, கூட நாலு பேர கூட்டிட்டுப் போகுமா, அதுதான் கேள்வி. நல்லதுல அவுட்புட் வோல்டேஜ் எகிறுனாலோ ஷார்ட் ஆனாலோ தானே கட் ஆகுற சர்க்யூட் இருக்கும். மலிவுல முதல்ல கை வைக்கிறதே அங்கதான், ஏன்னா அது இல்லாட்டியும் கடைல ஃபேன் சுத்தும், யாருக்கும் தெரியாது. மச்சான் மாட்டுனதும் இதே மாதிரி ஒரு லோக்கல் பீஸ், ஒன்றரை வருஷம் ஒழுங்கா ஓடுச்சு, ஒரு நாள் டப்புனு ஒரு சத்தம், கருகுன வாடை, அவ்ளோதான். போர்டு காலி, ஹார்ட் டிஸ்க்கும் சுத்தல. புள்ளைங்க பொறந்ததுலேர்ந்து எடுத்த போட்டோ மொத்தமும் அதுல இருந்துச்சு. அக்கா ரெண்டு நாள் அவர்கிட்ட பேசல.

அப்புறம் திருச்சில ஒரு சிப் லெவல் சர்வீஸ் பையன் லென்ஸ் வச்சு அந்த ஹார்ட் டிஸ்க் போர்ட காட்டுனான், பவர் கனெக்டர் பக்கத்துல அரிசி நொய் சைஸ்ல ஒரு டயோடு கருப்பா வெடிச்சிருந்துச்சு. வோல்டேஜ் எகிறுனா அது ஷார்ட் ஆகி தன்னக் குடுத்து மத்தத காப்பாத்தணும், அதுக்குத்தான் அத வைக்கிறாங்களாம். அத எடுத்துட்டு வேற நல்ல எஸ்எம்பிஎஸ்ல போட்டான், சுத்திருச்சு, போட்டோவ எல்லாம் காப்பி பண்ணிட்டோம். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்கும்னு சொல்ல முடியாது. 2,000 ரூபா மிச்சம் பிடிக்கப் போயி போர்டு, டேட்டா எடுக்குறதுன்னு மச்சானுக்கு ஆனது 7,000-க்கு மேல. அப்பாவோட கணக்கு இருக்குற டிஸ்க்க அந்த மாதிரி ஒரு டப்பால சொருக எனக்கு கை வரல.

நான் வாங்குனது 450 வாட்ஸ்தான், 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்ட வீணாக்காம மாத்துதுன்னு குடுக்குற சான்று), 12 வோல்ட்ல 36 ஆம்பியர், மூணு வருஷ வாரண்டி. ஜிஎஸ்டி பில்ல கேட்டு வாங்கி போட்டோ எடுத்து வச்சிக்கோங்க, மூணு வருஷத்துல அந்தத் தாள்ல எழுத்தே அழிஞ்சிரும். கரண்ட் பில் குறையும்னு சொல்லி விப்பாங்க, 100 வாட்ஸ் மெஷின்ல அது கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்னு, இந்த வகை எஸ்எம்பிஎஸ்ல நெறைய ஆக்டிவ் பிஎஃப்சி (லைன்ல இருந்து கரண்ட சீரா இழுக்குற சர்க்யூட்) இருக்கும், பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓட்டுனா கரண்ட் மாறும்போது ரீஸ்டார்ட் ஆக வாய்ப்பு உண்டு. எங்க வீட்ல சைன் வேவ் இன்வெர்ட்டர், கரண்ட் போனா சட்டுனு மாறுற யுபிஎஸ் மோட்ல போட்டிருக்கோம், இது வரைக்கும் பிரச்சனை இல்ல. ஆனா வாங்கி எட்டு மாசம்தான் ஆகுது, அடுத்த ஐப்பசி இடி மழைய இன்னும் அது பாக்கல.

மெஷினையே மாத்திரலாம்னு தம்பி சொன்னான். ஆறாவது ஜெனரேஷனுக்கு விண்டோஸ் 11 அஃபீஷியலா கிடையாது, விண்டோஸ் 10 சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிருச்சு, அந்த வகைல அவன் சொல்றது சரிதான். ஆனா ரீஃபர்பிஷ்டு ஆபீஸ் டெஸ்க்டாப் பக்கம் போறவங்க ஒண்ண கவனிங்க, டெல் ஆப்டிபிளெக்ஸ் மாதிரி நெறைய மாடல்ல போர்டுக்குப் போற பவர் கனெக்டர் இந்த 24 பின்னே கிடையாது, எட்டு பின்னோ ஆறு பின்னோதான் இருக்கும். அது போச்சுன்னா நம்ம தெருமுனைக் கடைல கிடைக்காது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடணும், இல்லன்னா கன்வெர்ட்டர் கேபிள் வாங்கணும்.

வாரத்துல ஒரு நாள் புள்ளைங்க பிரவுஸ் பண்ற மெஷின், உள்ள முக்கியமா எதுவும் இல்லன்னா, ரிப்பேரோ லோக்கலோ போட்டுட்டுப் போங்க, நான் திட்ட மாட்டேன். அப்பாவுக்கு 2,900-ன்னு சொல்லல, 1,500-ன்னு சொல்லி வச்சிருக்கேன், அதுக்கே "டேய், ஒரு ஃபேன் வச்ச டப்பாக்கா இவ்ளோ"ன்னு கேட்டாரு. ஆனா அன்னைக்கு சாயங்காலமே ஒரு பென்டிரைவ் கொண்டாந்து, "கணக்க இதுலயும் ஒரு காப்பி போட்டுக் குடு"ன்னு நீட்டுனாரு.