குவாண்டம் கணினி வருமுன்: புதிய கணிதமா, ஒளித்துகளா?

போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி வந்தால், அதில் ஓடும் ஷோர் வழிமுறை, பெரிய எண்களைக் காரணிகளாகப் பிரித்து, பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ மறையாக்கத்தை உடைத்துவிடும். இன்று திருடிச் சேமிக்கும் தரவை அன்று பிரித்துப் படிக்கலாம். சிங்கப்பூர் நாணய ஆணையம் 2024 பிப்ரவரியிலேயே நிதி நிறுவனங்களுக்கு இதுபற்றி ஆலோசனை அனுப்பிவிட்டது. தள்ளிப்போடாதீர்கள்.

புதிய கணிதம் என்றால் எம்எல்-கெம்: இரு முனைகளும் ரகசியச் சாவியை ஏற்படுத்திக்கொள்ளும் முறை, குவாண்டம் கணினிக்கும் தாக்குப்பிடிக்கும் என நம்பப்படுவது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் அதை 2024 ஆகஸ்டில் தரப்படுத்தியது. மென்பொருளை மாற்றினால் போதும், கைப்பேசியிலும் ஓடும். சிக்கல் அளவில்தான். இதே வேலைக்கான வழக்கமான முறையான எக்ஸ்25519-இன் பொதுச்சாவி 32 பைட். எம்எல்-கெம்-768 சாவியோ 1,184 பைட். இணைய இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் முதல் செய்தி ஒரே பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகும். பழைய ஃபயர்வால்கள் சில அதைக் கைவிட, இணைப்பு அப்படியே நின்றுவிடும். சோதனையை அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒளித்துகள் என்றால் குவாண்டம் சாவிப் பகிர்வு: ரகசியச் சாவியை ஒளித்துகள்கள் வழியே பகிர்வது. இதில் ஒட்டுக்கேட்டால் பிழை விகிதம் உயர்ந்து காட்டிக்கொடுக்கும். ஆனால் இரு முனையிலும் தனிக் கருவி வேண்டும். நல்ல கண்ணாடி இழையிலும் 50 கிலோமீட்டரில் பத்தில் ஒரு ஒளித்துகள்தான் சேரும். நம் சிங்கப்பூர்த் தீவின் நீளமே அவ்வளவுதான் என்பதால் இங்கு இது சாத்தியம். கடல் கடந்தால் கடினம். எதிர்முனை யாரென உறுதிசெய்ய வேறு முறையும் தேவை.

எங்கள் பரிந்துரை: எல்லா இடத்திலும் முதலில் எம்எல்-கெம், அதுவும் எக்ஸ்25519 உடன் சேர்த்து. ஒளித்துகளைத் தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்புக்கு மட்டும் வையுங்கள்.