குன்றின்மேல் சிக்னல் இல்லை: போனில் பிடிஎஃப் சேர்த்த நாலு வருட அனுபவம்

ஞாயிற்றுக்கிழமையானால் மதுரையைச் சுற்றி ஏதாவது ஒரு குன்றுக்குக் கிளம்பிவிடுவேன். கீழக்குயில்குடி, ஆனைமலை, அரிட்டாபட்டி, மாங்குளம் என்று சமணர் படுக்கையோ பழைய கல்வெட்டோ இருக்கிற இடமாகப் பார்த்து. அந்த இடத்தைப் பற்றிய கட்டுரைகளை முதல்நாள் ராத்திரியே போனில் பிடிஎஃப் ஆக்கிக்கொள்வது நாலு வருடப் பழக்கம். அதுவரை புக்மார்க்கைத்தான் நம்பியிருந்தேன். அருமையான கட்டுரை ஒன்று தளத்தோடு சேர்ந்து காணாமல் போன பிறகு புத்தி வந்தது.

தனி ஆப் எதுவும் வேண்டாம். 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதலே வசதி உள்ளேயே இருக்கிறது. குரோமில் மூன்று புள்ளி, ஷேர், பிரிண்ட். பிரிண்டர் பெயர் வரும் இடத்தில் ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’. இலவச கன்வர்ட்டர் ஆப் இரண்டு போட்டுப் பார்த்தேன். விளம்பரம் ஓட்டியே பேட்டரியைத் தின்றன, தூக்கிவிட்டேன்.

சேமிக்க அரை நிமிடம்தான். ஆனால் சேமித்ததற்குள் என்ன இருக்கிறது என்று அங்கேயே திறந்து பார்க்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது மாங்குளம் பக்கத்து மீனாட்சிபுரக் குன்றில். 1882-இல் ராபர்ட் சீவல் கண்டுபிடித்த தமிழி (தமிழ் பிராமி என்கிற பழைய எழுத்து) கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் வருகிற கல்வெட்டும் அதில் சேர்த்தி. மூச்சிரைக்க ஏறிப்போய், பாறையில் உள்ள எழுத்தையும் படியெடுத்த படத்தையும் ஒப்பிடலாம் என்று போனைத் திறந்தால், படம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வெறும் சாம்பல் கட்டம். ‘படம் 3’ என்று கீழே எழுதியிருக்கிறது, படத்தைக் காணோம். சிக்னலும் இல்லை. பல தளங்களில் நாம் உருட்டிக்கொண்டு போனால்தான் படங்கள் இறங்கும். நான் மேலே நின்றபடியே பிரிண்ட் கொடுத்திருந்தேன். இப்போதெல்லாம் கடைசி வரி வரை மெதுவாக உருட்டி, ‘மேலும் படிக்க’ இருந்தால் அதையும் விரித்துவிட்டுத்தான் மூன்று புள்ளியைத் தொடுவது.

அப்புறம் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. 22 பக்க பிடிஎஃப் ஒன்றை அனுப்பினேன். கடைத் தம்பி திரையைப் பார்த்துவிட்டு, “அண்ணே, கட்டுரை ஏழு பக்கந்தான் இருக்கு. மிச்சமெல்லாம் ‘இதையும் படியுங்கள்’னு வருது. அதையும் அடிக்கணுமா?” என்றான். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்று பிரிண்ட் திரையிலேயே குறிக்கலாம். அதுவரை அதைக் கவனித்ததே இல்லை.

தாள் அளவையும் நான் ரொம்ப நாள் கண்டுகொள்ளவில்லை. ஏ4-இல் சேமித்தால் போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரியும், பெரிதாக்கி இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே படிக்க வேண்டும். ஏ5 வைத்துப் பாருங்கள், பக்கம் கூடும், எழுத்து கண்ணுக்கு வரும். கடையில் அடிக்க ஏ4, போனில் படிக்க ஏ5. என் சொந்தத் தம்பியின் ஐஃபோனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ‘ஃபுல் பேஜ்’ கொடுத்தால் முழுவதும் ஒரே நீளப் பக்கமாக வருகிறது. படிக்க சுகம், ஜெராக்ஸுக்கு ஆகாது.

இன்றுவரை தீராத தொல்லை தேடல்தான். ‘நெடுஞ்செழியன்’ என்று தேடினால், கண் முன்னால் அந்தச் சொல் இருக்கும்போதே ‘இல்லை’ என்கிறது என் போன். பிடிஎஃப் அடிப்படையில் எந்த வடிவம் எங்கே நிற்கிறது என்று வைத்துக்கொள்கிற கோப்பு. ‘நெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது. கணினியும் போனும் எழுத்தைச் சேமிக்கிற முறையான யூனிகோடிலோ ‘ந’ முதலில், கொம்பு பிறகு. கோப்பை உருவாக்கும் ஆப்போ திறக்கும் ஆப்போ இதைச் சரிக்கட்டாவிட்டால் தேடல் கை விரித்துவிடும். அந்த வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் கொம்பு தனியாக, ‘ந’ தனியாகக் கிடக்கிறது.

அதனால் கோப்பின் பெயரில்தான் என் நம்பிக்கை முழுவதும். ஊர், பொருள், தளம், எடுத்த தேதி என்று சேமிக்கும்போதே தட்டிவிடுகிறேன். சோம்பல்பட்டு விட்டவை ஐம்பது அறுபது, டவுன்லோட் ஃபோல்டரில் இன்னும் பெயரில்லாமல் கிடக்கின்றன.