பழைய செயின்சாவுக்கு மாற்று வேலை: எந்தத் துணைக்கருவி தேறும்?

பழைய பெட்ரோல் செயின்சா ஒன்று கையில் இருந்தால், மரம் வெட்டுவதோடு நிறுத்த மனசு வராது. பாரையும் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) சங்கிலியையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவது கைப்பிடி வைத்த ஓர் இன்ஜின்தானே! அதை வைத்துப் பலகை அறுக்கலாம், குழி தோண்டலாம், வெட்டிய மரத்தடியை இழுக்கலாம், பட்டை உரிக்கலாம் என்று பலரும் யோசித்துத் துணைக்கருவிகள் செய்தார்கள். எல்லாம் ஒரே தரம் இல்லை.

முதலில் இன்ஜினைப் பார்ப்போம். ஜெர்மனியின் ஷ்டீல் நிறுவனம் 1959-ல் இறக்கிய கான்ட்ரா, அதன் வழிவந்த 070 மாடல், 137 சிசி கொண்ட 090 மாடல் எல்லாம் பெரிய சிலிண்டர்காரர்கள். இன்றைய ரம்பங்கள் அளவுக்கு வேகமாகச் சுற்ற மாட்டார்கள். ஆனால் பாரம் ஏற்றினால் திணறாமல் இழுப்பார்கள். அந்தக் குணத்துக்கு மிகவும் பொருந்துவது பலகை அறுக்கும் சட்டம்தான்.

கலிபோர்னியாவின் கிரான்பெர்க் விற்கும் அலாஸ்கன் மில் இந்த வகையில் பெயர்பெற்றது. பாரைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு கால்கள், மேலே மரத்தின் மீது சறுக்கும் தண்டுகள், அவ்வளவுதான். கால்களை ஏற்றி இறக்கினால் பலகையின் கனம் மாறும். முதல் அறுப்புதான் சிரமம். உருண்டைத் தடியில் சறுக்கச் சமதளம் இல்லையே! அதனால் நேரான ஏணியையோ பலகையையோ தடியின் மேல் ஆணியடித்துப் பதித்து, அதன்மேல் சட்டத்தை ஓட்டுவார்கள். அடுத்தடுத்த அறுப்புக்கு முந்தைய அறுப்பின் முகமே வழி.

சங்கிலியையும் மாற்ற வேண்டும். குறுக்கே வெட்டும் சங்கிலியின் பல் சுமார் 30 டிகிரி சாய்வில் தீட்டியிருக்கும். நீளவாக்கில் அறுக்க 10 டிகிரி போதும். அறுத்த இடைவெளி மூடிக்கொண்டு பாரைக் கவ்வாமல் இருக்க, பின்னாலேயே ஆப்பு செருகிக்கொண்டு போக வேண்டும். முழு வேகத்தில் நிமிடக்கணக்கில் ஓடும் வேலை என்பதால் கார்புரேட்டரின் ஹெச் திருகைக் கொஞ்சம் திறந்து கலவையில் பெட்ரோலைக் கூட்டாவிட்டால், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வேஸ்டேஜும் உண்டு: ஒவ்வொரு அறுப்பிலும் கால் அங்குலத்துக்கு மேல் மரம் தூளாகப் போகிறது. மரஅறுவை மில்லுக்குத் தடியை ஏற்றிப்போக வழி இருந்தால் இது வீண் வேலை. வழி இல்லாத மலைச்சரிவில் இதுதான் கதி.

அடுத்தது லூயிஸ் வின்ச். பார் இருந்த இடத்தில் உட்காரும் இந்தக் கருவி, கியர் மூலம் வேகத்தைக் குறைத்து 150 அடிக் கம்பிவடத்தைச் சுற்றும். நேரடி இழுப்பு 4000 பவுண்டு. கப்பி போட்டால் அதன் இரட்டிப்பு. பள்ளத்தில் சிக்கிய ஜீப்பையோ அறுத்த தடியையோ தனியாளாக இழுக்கலாம். வருஷத்துக்கு இரண்டு தடவை தேவைப்படும் பொருள்தான், ஆனால் தேவைப்படும் அன்றைக்கு இதற்கு ஈடில்லை. வடத்தின் நேர்கோட்டில் மட்டும் யாரும் நிற்கக் கூடாது.

குழி தோண்டும் ஆகர் பார்க்கத்தான் கவர்ச்சி. 56 சிசி ஷ்டீல் 08 எஸ்ஸுக்கு இது கிடைத்தது. அதே இன்ஜினில் கான்கிரீட் வெட்டும் வட்டும் மாட்டலாம். மண் இளகியிருந்தால் வேலி நட ஜோராக இறங்கும். வேரில் மாட்டியதோ, அது நின்றுவிடும், கைப்பிடி சுற்ற ஆரம்பிக்கும், மணிக்கட்டு அவ்வளவுதான். சரி, ஒரு தோட்டத்துக்குப் பத்துக் குழிதான் என்றால் கடப்பாரையே மேல்.

பட்டை உரிக்கும் லாக் விசார்ட் போன்றவை பார் முனையில் மாட்டும் சின்ன உருளை. சங்கிலி அதைச் சுற்ற, அதிலிருக்கும் கத்திகள் பட்டையைச் செதுக்கும். மரவீடு கட்டுபவருக்கு நல்லது. மாட்ட பாரில் துளை போட வேண்டியிருக்கும், அதனால் பழைய ஒரிஜினல் பாரைத் தொடாமல் ஒரு மலிவான பார் வாங்கித் துளையிடுங்கள்.

090 வைத்திருப்பவருக்கு மில் வாங்கச் சொல்வேன். 08 எஸ் வைத்திருப்பவர் ஆகரை விட்டுவிட்டு வெட்டுவட்டைத் தேடட்டும். எது வாங்கினாலும், அந்தக் காலத்து ரம்பங்கள் பலவற்றில் செயின் பிரேக் கிடையாது. த்ராட்டிலை விட்டதும் சங்கிலி நிற்கிறதா என்று கிளட்ச்சை முதலில் சோதித்துப் பாருங்கள்.