கொழும்பா, இந்தியாவா: பி.எஸ்ஸி. முடித்தவரின் எம்.பி.ஏ. கணக்கு

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கொழும்பு பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில், தோளில் லெப்டொப் பையோடு தூங்கி விழுகிறவர்கள் ஓரிருவர் இருப்பார்கள். கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கி, சனி ஞாயிறு எம்.பி.ஏ. வகுப்பில் இருந்துவிட்டு, திங்கட்கிழமை விடிய மலையேறி நேரே வேலைக்குப் போகிறவர்கள். நானும் இரண்டு வருடம் அந்த வரிசையில் நின்றவன்தான்.

இப்போது என் சித்தி மகளின் முறை. பேராதனையில் இரசாயனவியல் முடித்து, தேயிலைக் கம்பெனி ஒன்றின் லெப்பில் மூன்று வருடம். "அண்ணே, கொழும்பா, இந்தியாவா? ஒண்டச் சொல்லுங்க" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொழும்பில் முதலில் வாயில் வருவது பொரளையில் இருக்கும் முகாமைத்துவப் பட்டப்பின்படிப்பு நிறுவகம். 1986இல் தொடங்கியது, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் எம்.பி.ஏ. உண்டு. வார இறுதிப் படிப்பின் பெரிய லாபம், சம்பளம் நிற்காது என்பது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், குழுவேலை தேநீர்க் கடைக்குப் போனதும் சிங்களத்துக்கு மாறிவிடும். அதுவும் ஒரு பாடம்தான், சந்தையில் உதவும்.

நட்டம் வேறு இடத்தில். வகுப்பில் இருக்கிற எல்லோருக்கும் ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஆகவே ஆள் எடுக்க எந்தக் கம்பெனியும் அங்கே வரிசையில் நிற்பதில்லை. படிப்பு முடிந்த திங்கட்கிழமையும் நீங்கள் அதே லெப்பில், அதே மேசையில்தான். உங்கள் கம்பெனியே உங்களை விற்பனைப் பக்கமோ தேயிலை ஏலப் பக்கமோ மாற்றத் தயாராக இருந்தால் மட்டும் இந்த வழி பலன் தரும். சேருமுன் மனேஜரிடம் அதை வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. பட்டம் வாங்கி ஒரு வருடம் கழித்தும் ஈரப்பதம்தான் அளந்துகொண்டிருந்தேன்.

இந்தியாவில் கதை தலைகீழ். அகமதாபாத் ஐ.ஐ.எம். (இந்திய முகாமைத்துவ நிறுவகம்) போன்ற இடங்களில் இரண்டு வருட முழுநேரப் படிப்பின் நடுவில் கோடைகாலப் பயிற்சி வேலை வருகிறது. துறை மாறுகிறவருக்கு அதுதான் உயிர்நாடி. "வங்கியில் வேலை செய்திருக்கிறேன்" என்று சொல்ல உங்களிடம் இரண்டு மாதமாவது கையில் இருக்கும். அங்கேயே ஒரு வருடப் படிப்பும் இருக்கிறது. அதற்குக் குறைந்தது நான்கு வருட அனுபவம் வேண்டும், நடுவில் அந்தப் பயிற்சியும் இல்லை. இருக்கிற துறையில் மேலே ஏறுகிறவருக்கு அது சரி. லெப்பை விட்டு ஓடுகிறவருக்கு இரண்டு வருடம்தான்.

கட்டணம் இந்திய ரூபாயில் 20 லட்சத்தைத் தாண்டும். நம் காசில் எழுதினால் அம்மா மயங்கி விழுவார். வளாகத்துக்கு வருகிற கம்பெனிகளும் பெரும்பாலும் இந்திய வேலைக்குத்தான் ஆள் எடுக்கும், நமக்கு அதற்கு வேலை விசா வேண்டும்.

வெளிநாட்டவர் ஜீமெட் (GMAT) என்கிற முகாமைத்துவப் படிப்பு நுழைவுப் பரீட்சையின் புள்ளியோடு விண்ணப்பிக்கலாம். இப்போதைய ஜீமெட்டில் மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம், புள்ளி 205இலிருந்து 805 வரை, ஐந்து வருடம் செல்லும். கணிதப் பகுதியில் கல்குலேட்டர் கிடையாது, கேத்திர கணிதமும் கிடையாது. விஞ்ஞானம் படித்தவர்களுக்கு அங்கே பயமில்லை, ஆங்கில வாசிப்பில்தான் சறுக்கும். வீட்டிலிருந்தே எழுதலாம் என்கிறார்கள். நம்ம ஊர் மழையையும் கரண்டையும் நம்பி நான் எழுத மாட்டேன், கொழும்புக்குப் போய்விடுவேன்.

சீமா (CIMA) என்கிற முகாமைக் கணக்கியல் தொழிற் தகுதி பற்றி ஒரு வரியில்: மலையில் இருந்தபடி பரீட்சை பரீட்சையாக ஏறலாம், ஆனால் கணக்குப் பக்கம் மனம் போகிறவருக்கு மட்டும். பேராதனை விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தின் எம்.பி.ஏ. அவளுக்குப் பழகிய வளாகம், பஸ் செலவும் பாதி. தேயிலையை விடுவதாக எண்ணமில்லை என்றால் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

எங்கே போட்டாலும் விண்ணப்பத்தில் ஒரே இடத்தில்தான் நாங்கள் வழுக்குகிறோம். அவள் எழுதிக் காட்டிய முதல் வரி: "வாட்டலில் ஈரப்பத வேறுபாட்டைக் குறைத்தேன்." வாட்டல் என்பது பறித்த கொழுந்தின் ஈரத்தைக் குறைக்கிற முதல் வேலை. குறைத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். பேசாமல் இருந்தாள். பிறகு கணக்குப் போட்டோம். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போகிறது. வாட்டல் பிழைத்தால் அந்தக் கொழுந்தும் அதைப் பறித்தவரின் நாளும் கொழும்பு ஏலத்தில் விலை குறைந்து போகும். அதை ரூபாயில் எழுதச் சொன்னேன். பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியரை நினைத்திருந்தாள். அவர் "கெட்டிக்கார மாணவி" என்று எழுதுவார், அவ்வளவுதான். இரவு ஷிப்டில் அவள் சொன்னதைக் கேட்டு வாட்டல் தொட்டியைக் கொட்டிய டீமேக்கரின் மேலதிகாரி, அதாவது பெக்டரி மனேஜர், எழுதினால் அதற்கு எடை உண்டு.

அவளுடைய பெக்டரி மனேஜர் இந்த வாரம் லீவு. திங்கட்கிழமை கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள், கடிதத்தையும் விற்பனைப் பக்க வேலையையும் சேர்த்து.